முனை தெரியாத நூடுல்ஸ்

ஒரு ஊரில் ஒரு தெரு இருந்தது. ஊரும் பொய்யில்லை, தெருவும் பொய்யில்லை, கேட்டுவிட்டு நம்பாமல் எழுந்து போகிறவர் வீட்டு அடுப்பு மூன்று நாளைக்குப் புகைந்துகொண்டே இருக்கட்டும். ஊருக்குப் பெயர் செங்கமடை, தெருவுக்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ் தெரு. தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்று சொல்கிற சீமை அது. காலையில் ஆபீசுக்குப் போய்த் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் குச்சி அடுக்கப் போகிற பெண்கள் அந்தத் தெரு முழுக்க இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆவுடை. ஆவுடையின் புருசன் கொம்பையா.

கொம்பையாவை அந்த ஊரில் யாரும் கொம்பையா என்று கூப்பிடுவதில்லை, மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சென்னையில் ஒரு சீன ஹோட்டலில் ஏழு வருஷம் நின்று, அதில் நாலு வருஷம் வெங்காயம் மட்டுமே உரித்து, பகதூர் என்கிற நேபாளத்துக்காரரிடம் தொழில் படித்து, ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டவன் அவன். செங்கமடைக்கு நூடுல்ஸும் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தன. வண்டிக்கு முன்னால் ஒரு டிராகன் வரையச் சொன்னான். வரைந்த பெயிண்டர் டிராகனைப் பார்த்ததில்லை, உடும்பைப் பார்த்திருந்தார், ஆகவே உடும்பை வரைந்து அதன் வாயில் தீயை வைத்தார். அன்றிலிருந்து அது உடும்புக்கடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு உடும்புக்கடை அடுப்பு இரைய ஆரம்பித்தால் வரிசை வேப்பமரத்தைச் சுற்றி, டீக்கடையைத் தாண்டி, கடம்பூர் பஸ் நிற்கிற இடம்வரை போகும், பஸ்ஸில் ஏற வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள்.

இவ்வளவு இருந்தும் கொம்பையாவுக்கு ஒரு வியாதி இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் யாராவது "டீ நல்லா இருக்குய்யா" என்று சொன்னால் இவனுக்கு நெஞ்சு எரியும். திருநெல்வேலியில் நல்ல ஃப்ரைடு ரைஸ் கிடைக்கிறதென்று வரிசையில் ஒருவர் வாய்தவறிச் சொன்னால் அவர் தட்டுக்கு மட்டும் மிளகுத்தூள் குறையும். பத்து நாள் பக்கத்தில் நின்றால் கைவேலையைத் திருடிக்கொள்வார்கள் என்று உதவிக்கு ஆள் வைக்கவில்லை. சட்டியில் கரண்டி போடும்போது ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், இடுப்பை வளைத்துக் கையை மறைத்துக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் எழுதுகிற பிள்ளையைப் போல.

வீட்டுக்கு ஒருநாளும் ஒரு பொட்டலம் கொண்டுவந்ததில்லை. "இது வீட்டுக்குள்ள வர்ற சாப்பாடு இல்ல ஏளா, ஆறிட்டா ரப்பரு. வீட்டு அடுப்புல செய்யவும் ஏலாது. இதுக்குத் தீ வேற" என்று கல்யாணமான புதிதில் ஆவுடையிடம் சொன்னான். சொல்லிவிட்டு ரசஞ்சோறு சாப்பிட்டான். பதினொரு வருஷம் அப்படியே ரசஞ்சோறு சாப்பிட்டான். பதினொரு வருஷம் அவனுடைய சட்டைகளை ஆவுடை துவைத்தாள். காலரில் மிளகு, கைமடிப்பில் வினிகர், வயிற்றுப் பக்கம் சோயா சாஸ், தோளில் வெங்காயத்தாள், முதுகு முழுக்க அந்த வேறு தீயின் புகை. எதற்குப் பிறகு எது விழுகிறது, எது எவ்வளவு விழுகிறது என்று அவளுக்குச் சட்டை வழியாகவே தெரிந்துபோயிற்று, பாட்டைக் கேட்டுக் கேட்டே மெட்டு தெரிந்துபோகிற மாதிரி.

ஒருநாள் ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம், "நேத்து உன் வீட்டுக்காரர் கடையில ரெண்டு தட்டு வாங்கித் தின்னேன். கல்யாண வீட்டுச் சாப்பாடெல்லாம் தோத்துப்போகும். நீ நித்தம் தின்னுத மகராசி, உனக்கென்ன!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், ஆவுடையும் சிரித்தாள், "ஆமாக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்று தின்னாத சாப்பாட்டுக்குச் சாட்சி சொன்னாள். சொன்ன வாய் அன்றைக்கு முழுக்கக் கசந்தது.

மறுநாள் புதன்கிழமை, கொம்பையா சாஸ் பாட்டில் வாங்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தான். ஆவுடை லீவு போட்டுவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் நூடுல்ஸ் கட்டு ஒன்று, முட்டைக்கோஸ் கால்வாசி, கேரட், பீன்ஸ், ஒரு குடைமிளகாய், வெங்காயத்தாள் ஒரு பிடி, சின்னப் பாட்டிலில் சோயா சாஸும் வினிகரும் வாங்கி வந்தாள். நூடுல்ஸை எண்ணெய் விட்ட தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து, முறத்தில் துணி விரித்து அதில் உலர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறியால் விசிறினாள். காய்களைத் தீக்குச்சி கனத்துக்கு அரிந்தாள், அந்தத் தெருப் பெண்களுக்கு அந்தக் கனம் கண்ணை மூடினாலும் வரும். தீ வேற என்று அவன் சொன்னானே, அதற்கும் வழி இருந்தது. ஆபீசில் கழித்துப்போட்ட ஒடிந்த குச்சிகள் ஒரு சாக்கு நிறைய வீட்டுக்குப் பின்னால் கிடந்தன. கொல்லையில் மூன்று கல் வைத்து அதைக் கொட்டிப் பற்றவைத்ததும் தீ இடுப்புயரம் எழுந்து நின்று என்ன வேணும் என்று கேட்டது.

அதன்மேல் சீனிச்சட்டியை வைத்தாள். கனமான இரும்பு வாணலியை அந்தப் பக்கம் சீனிச்சட்டி என்பார்கள். சீனத்திலிருந்து கப்பலில் வந்த சட்டி, சீனச்சட்டி, வாயில் தேய்ந்து சீனிச்சட்டி ஆயிற்று என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆவுடை வீட்டில் அப்படி யாரும் சொல்லவில்லை. சீனிச்சட்டி என்றால் சீனி போடுகிற சட்டி, மீன் வறுத்தாலும் சரி, பாகற்காய் வதக்கினாலும் சரி, அதற்கு ஒரு சிட்டிகை சீனி போட்டுவிட வேண்டும், அது சட்டிக்குச் சேரவேண்டிய பங்கு என்று அவள் அம்மா போட்டாள், ஆகவே இவளும் போட்டாள். எண்ணெய் புகைந்தது, பூண்டு விழுந்தது, காய் விழுந்தது, நூடுல்ஸ் விழுந்தது, சாஸ் விளிம்பில் விழுந்து சொய்யென்று கத்தியது, மிளகு, வினிகர், கடைசியில் வெங்காயத்தாள், சட்டைகள் சொன்ன வரிசை மாறாமல்.

இறக்கிவைத்து, தட்டில் எடுத்துப்போடக் கரண்டியால் தூக்கினாள். ஒரே இழை வந்தது. பிடித்து இழுத்தாள், வந்தது. தட்டு நிறைந்தது, அப்போதும் வந்தது. குண்டான் நிறைந்தது, அண்டா நிறைந்தது, இழை வந்துகொண்டே இருந்தது, சட்டியில் இருந்தது குறையவில்லை. ஆவுடை பூக்காரியைப் போலக் கையில் சுற்றிப் பார்த்தாள், முனை வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து ஜன்னலைத் தட்டி, "எக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க, இது முனை எங்க இருக்குன்னு தெரியல" என்றாள். தங்கபுஷ்பம் பிடித்து இழுத்தாள், இழுத்துக்கொண்டே ஒரு வாய் தின்றாள், தின்றுவிட்டு அடுத்த வீட்டு ஜன்னலைத் தட்டினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் இழை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. முதலில் கேட்டது, "முட்டை போட்டிருக்கா?" என்று. போடவில்லை என்று தெரிந்ததும் வெள்ளிக்கிழமைக்காரர்கள் நிம்மதியானார்கள், முட்டை வேண்டுமென்றவர்கள் அவரவர் வீட்டில் பொரித்துத் தொட்டுக்கொண்டார்கள். இரண்டாவது நாள் அதைத் தரையில் விடக்கூடாது, நாய் இழுக்கும் என்று ஒரு பேச்சு வந்தது. மின்வாரியத்து லைன்மேன் ஞானதிரவியம் அதே தெருக்காரர்தான். ஏணியை எடுத்துக்கொண்டு வந்து, கம்பத்துக்குக் கம்பம் பீங்கான் குமிழ் மாட்டி, கரண்டுக் கம்பிக்கு ஆறடி கீழே இழையைக் கட்டிக்கொடுத்தார். காக்காய்கள் அதில் வரிசையாக உட்கார்ந்தன, ஒன்றும் கொத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாழ்வாகத் தொங்கின இடத்தில் துள்ளித் துள்ளிக் கடித்தார்கள். வீட்டுக்கு நாலு முழம், விருந்தாள் வந்தால் ஆறு முழம் என்று ஒரு முறை தானாக வந்தது, பெரிய கைக்காரி சின்னக் கைக்காரி சண்டை வரக்கூடாதென்று தங்கபுஷ்பத்தின் முழங்கையே ஊருக்குப் பொது அளவு ஆயிற்று. ஒரு வளைகாப்பில் எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு, தேங்காய்ச்சோற்றோடு இதையும் ஒரு வகையாக இலையில் வைத்தார்கள். நடுச்சுவர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், தெரியாமல் ஒரே இழையை இந்த ஜன்னலிலிருந்து ஒருவரும் அந்த ஜன்னலிலிருந்து ஒருவரும் தின்றுகொண்டே வந்து, சுவர்மேல் மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாடே?" என்று கேட்டுவிட்டார்கள். சுகாதார அதிகாரி ஒருவர் படிவத்தோடு வந்தார், நின்றுகொண்டே இரண்டு முழம் சாப்பிட்டார், நீளம் என்ற இடத்தில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அது ஆறவில்லை, நைந்துபோகவில்லை, ரப்பராகவில்லை. நாலாம் நாளும் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது போலப் புகைவாசத்தோடு இருந்தது.

கொம்பையாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், வரிசையில்தான் தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த அன்று வரிசை டீக்கடையோடு நின்றது. மறுநாள் வேப்பமரத்தோடு நின்றது. அதற்கு மறுநாள் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஏழு பேர். ஒவ்வொரு தலையாக அவன் எண்ணினான், யார் வரவில்லை என்று எண்ணினான், வராதவர்களின் முகம் வந்தவர்களின் முகத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஆறாம் நாள் ஒரே ஒருத்தர் வந்தார், காய்ச்சலில் நாக்கு ருசி போன ரிட்டயர்டு கண்டக்டர் செல்லையா. "கூட்டமில்லாம நல்லா இருக்கு மாஸ்டர். எனக்கு எங்க தின்னாலும் ஒண்ணுதான்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். கொம்பையாவுக்கு அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது.

எட்டாம் நாள் இழை பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. டீக்கடைக்கு வந்தது, பூக்கடைக்கு வந்தது, செருப்புத் தைக்கிறவரின் குடைக்குள் வந்தது, உடும்புக்கடைக்கு முன்னால் வந்ததும் பிடிவாதக்கார ஆடு மாதிரி சட்டென்று திரும்பி, எதிர்ப்பக்கம் போய், சோடாக் கடைக்குள் நுழைந்தது. ஊரே பார்த்தது. கொம்பையா அடுப்பைப் பெரிதாக வைத்தான், சட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டான், தீயை ஓராள் உயரத்துக்கு எழுப்பினான், ஊருக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு செய்தான். ஒருத்தரும் திரும்பவில்லை.

ஞானதிரவியத்தைப் போய்ப் பார்த்தான். "கம்பத்துல அதைக் கட்டி வச்சிருக்கீரே, நாளைக்கு எவனாவது செத்தா யாரு பதில் சொல்லுவா? அவுத்து விடும்."

"அதுல கரண்டு ஓடல மாஸ்டர், டெஸ்ட்டர் வச்சுப் பாத்துட்டேன்."

"ஓடாதுன்னு எப்பிடிச் சொல்லுதீரு?"

"நான் சொல்லுதேன்லா. அதைத் தொட்டு இதுவரைக்கும் ஷாக் அடிச்சது உங்க ஒருத்தருக்குத்தான், அதுவும் தொடாமலே" என்று சொல்லிவிட்டு ஞானதிரவியம் சைக்கிளில் ஏறினார்.

வீட்டில் அவன் அதைத் தின்னவில்லை. ஒவ்வொரு நாளும் ஆவுடை ஒரு தட்டில் நாலு முழம் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்து, "என்னங்க, ஒரு வாய் பாருங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஊர் பாராட்டியது, சுகாதார அதிகாரி பாராட்டினார், பிள்ளைகள் 'ஆவுடை அத்தை' என்று அவள் பேரில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள், அதெல்லாம் அவள் காதைத் தொட்டுவிட்டுப் போயிற்று. தொழில் தெரிந்த ஒரு வாய் தின்று பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு ரசம் ஊத்து" என்பான். அவள் ஊற்றுவாள். ரசத்தைப் பிசைந்துகொண்டே அவன் ஓரக்கண்ணால் தட்டைப் பார்ப்பான், இழையின் மினுமினுப்பைப் பார்ப்பான், காய் ஒரே கனமாக அரிந்திருப்பதைப் பார்ப்பான், தன் கையால் அரிந்தது அவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் வந்ததில்லை என்று நினைப்பான்.

"நிறுத்து ஏளா, போதும் நீ ஊருக்குப் படியளந்தது" என்று பன்னிரண்டாம் நாள் சொன்னான்.

"நான் எங்க செய்யுதேன்? அடுப்பு அணைஞ்சு பன்னிரண்டு நாளாச்சு. அதுவா வருது."

"அதுவா வந்தா அதுக்குக் காரணம் யாரு?"

"வேணும்னா நம்ம வண்டியில வச்சுக் கொடுப்போமா? உங்க கடைன்னே இருக்கட்டும், எனக்குப் பேரு வேண்டாம்."

அதுதான் அவனை இன்னும் எரித்தது. பெயரைக் கொடுத்துவிடுகிற அளவுக்கு அவளிடம் மிச்சம் இருந்தது.

பதினேழாம் நாள் மத்தியானம், காய் அரிகிற பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். சாப்பாட்டு நேரம், தெருவில் எல்லா ஜன்னலிலும் ஆட்கள் இருந்தார்கள், எல்லார் கையிலும் இழை இருந்தது. ஆவுடை குழாயடியில் அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று கல்லின்மேல் சட்டி இருந்தது, சட்டியிலிருந்து இழை மெதுவாக எழுந்து, சுவர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. வேரிலேயே வெட்டிவிடுவது என்று இடது கையால் இழையைப் பிடித்தான். அது தப்பு. சமையல்காரன் கை ஒன்றைத் தொட்டால் அடுத்து வாய்க்குத்தான் போகும், அவன் மனசைக் கேட்காமலே போயிற்று.

முதலில் புகை வந்தது, அவனுடைய புகை. பிறகு மிளகு, அதுவும் அவனுடையது. வினிகர் விளிம்பில் நின்றது, நிற்க வேண்டிய இடத்தில். எல்லாம் போன பிறகு, கடைசியில், நாக்கின் நுனியில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி ஒன்று நின்றது. சீனி.

கொம்பையா கத்தியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். நாலு வருஷம் வெங்காயம் உரித்த பிறகு, வேலைக்காரர்கள் எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு நாளில், பகதூர் அவனைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்ன ஒரே வார்த்தை அது. அதைத் தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தான், அடுப்புப் பற்றவைக்கிறவன் மாதிரி அந்தப் பெட்டியைத் திறந்து சட்டிக்கு ஒரு சிட்டிகை போடுவான், தீப்பெட்டி செய்கிற ஊரிலேயே ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது இதற்காகத்தான். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"யாரு சொன்னா?" என்று கேட்டான்.

ஆவுடை திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் அசைவதைப் பார்த்தாள், உதட்டோரம் சாஸ் இருந்ததைப் பார்த்தாள். சோப்பு நுரையைக்கூடத் துடைக்காமல் எழுந்து ஓடிவந்தாள். "சாப்பிட்டீங்களா? எப்பிடி இருக்கு?"

"சீனி போடணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சட்டிக்குப் பேரே சீனிச்சட்டி. அதுல சீனி போடாம?"

"கேலி பண்ணுதியா?"

"நான் எதுக்குக் கேலி பண்ணப்போறேன்? எங்கம்மா போடும், நானும் போடுதேன்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்தது உங்க சட்டை. பதினொரு வருசமா நான்தானே தொவைக்கேன்."

உண்மைதான் சொன்னாள், ஆனால் அது பொய்யைவிட மோசமாக அவன் காதில் விழுந்தது. நாலு வருஷ வெங்காயம், கண்ணீர், பகதூரின் உதை, சாக்குமேல் படுத்த தூக்கம், எல்லாவற்றுக்கும் கிடைத்தது ஒரு சட்டியின் பெயரிலேயே கிடந்ததாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். அதை நம்புவதைவிட வேறொன்றை நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"சட்டை சொல்லிச்சாம், சட்டி சொல்லிச்சாம்! எனக்கும் பகதூருக்கும் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது அது. நான் கடைக்குப் போன நேரத்துல எவன் வந்தான் இந்த வீட்டுக்கு? சொல்லு. எவன்ட்ட படிச்ச?"

ஜன்னல்களில் மெல்லுகிற வாய்கள் எல்லாம் நின்றன. தங்கபுஷ்பம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மாஸ்டர், வாயைக் கழுவிட்டுப் பேசுங்க" என்றாள். அந்த நேரத்தில் அவன் வாயை மூடியிருந்தாலும் போதும். இல்லை, தப்பாச் சொல்லிட்டேன் என்றிருந்தாலும் போதும். அவன் எழுந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை, "எவன்?" என்றான்.

ஆவுடை அழவில்லை. கையிலிருந்த நுரையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் தேடின முனை வந்தது. பல்லி வால் மாதிரி மெலிந்து, சட்டியின் விளிம்பில் ஒரு நொடி தொங்கி, சுவர் ஏறி, தங்கபுஷ்பம் வீட்டு ஜன்னலைக் கடந்து, வீடு வீடாக, கம்பம் கம்பமாக, எல்லார் விரலிலிருந்தும் நழுவிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போயிற்று. யாரும் பிடித்து நிறுத்தவில்லை, பிடிப்பது மரியாதையில்லை என்று ஏனோ எல்லாருக்கும் தோன்றியது. மறுநாள் ஞானதிரவியம் ஏணி போட்டுப் பீங்கான் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வீடுகளில் மறுபடியும் ரசம் கொதித்தது.

கொம்பையா அன்று சாயங்காலம் நாலு மணிக்கே கடை போட்டான். இரண்டு அடுப்பையும் பற்றவைத்து, முட்டைக்கோஸ் ஆறு அரிந்து, வரிசைக்காகக் காத்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் இருந்தார்கள், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாக நடந்து போனார்கள். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் கண்டக்டர் செல்லையா போய்க்கொண்டிருந்தார், "என்ன கண்டக்டரே, சாப்பிடலையா?" என்று இவனாகக் கூப்பிட்டான்.

"எனக்கு நாக்குதான் போச்சு மாஸ்டர், காது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் போனார்.

வீட்டில் எல்லாம் முன்னைப்போலவே இருந்தது. ஆவுடை ஆபீசுக்குப் போனாள், வந்தாள், சட்டை துவைத்தாள், ரசம் ஊற்றினாள். 'என்னங்க' என்ற வார்த்தை மட்டும் வீட்டில் இல்லை. சோறு வைத்தால் தட்டின் சத்தம்தான் அவனைக் கூப்பிட்டது. அவனுக்கு அது தெரிந்தது, தெரிந்தும் அவன் நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது. இல்லாமல் போன அந்த இழையின்மேலேயே அவனுக்குப் பொறாமை தீரவில்லை. போன பிறகும் ஊர் அதைப் பற்றித்தானே பேசுகிறது, என் கடை இருக்கும்போதே யாரும் பேசவில்லையே என்று உலையில் அரிசி கொதிப்பதுபோல் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், வெயில் வேப்பமரத்தில் பாதி இறங்கியிருந்தபோது, ஒரு வாடிக்கையாளர் வந்து வரிசை தொடங்குகிற இடத்தில் நின்றார். கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். ஆவுடை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த இடத்துக்கு வந்ததில்லை, வர அவன் விட்டதில்லை. கையில் ஒரு வயர்கூடை இருந்தது, கூடையில் இரண்டு மூன்று சேலை, சேலைகளுக்கு நடுவிலிருந்து சீனிச்சட்டியின் காது ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடம்பூரில் அவள் அக்கா இருந்தாள், அங்கேயும் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. அந்தப் பக்கம் கடம்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஒரு நூடுல்ஸ். முட்டை வேண்டாம்" என்றாள்.

அவன் சட்டியை அடுப்பில் வைத்தான். பூண்டு, காய், நூடுல்ஸ், விளிம்பில் சாஸ், மிளகு, வினிகர், யாருக்கும் போடாத அளவு வெங்காயத்தாள். தட்டை நீட்டினான். அவள் மரத்தடியில் நின்றபடி, பசித்தவள் மாதிரி, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியது அவன் வாய்வரைக்கும் வந்து நின்றது, போகாதே என்று சொல்லலாம், நான் சொன்னது தப்பு என்று சொல்லலாம், அன்றைக்கு வாயில் போட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை ஆவுடை, அப்படி இருந்தது என்று சொல்லலாம், அதைச் சொன்னால் அவள் கூடையைக் கீழே வைத்துவிடுவாள் என்றுகூட அவனுக்குத் தெரிந்தது. அவள் கண் ஒரு இடத்தில் லேசாக மூடியது, ருசி நாக்கில் பட்டதும் மூடுகிற மாதிரி. அவ்வளவுதான், உள்ளே இருந்தது எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முந்திவிட்டது.

"ஏளா, உள்ளதச் சொல்லு" என்றான். "உன்னுது நல்லா இருந்துச்சா, இது நல்லா இருக்கா?"

ஆவுடை கடைசி வாயை மென்று விழுங்கினாள். தட்டை வாளித் தண்ணீரில் போட்டாள். கை கழுவினாள், சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மிளகுத்தூளைப் பார்த்து, தட்டிவிடப் போகிறவள் மாதிரிக் கையைத் தூக்கி, அந்தக் கையால் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு, மாஸ்டர்" என்றாள்.

சொல்லிவிட்டு, வேப்பமரத்தைக் கடந்து, டீக்கடையைக் கடந்து, கடம்பூர் பஸ்ஸைப் பார்க்க நடந்து போனாள்.